இரண்டு இஞ்ச்

வெள்ளி டாலரைக் கையால் செய்வது என் வீட்டுக்காரர். அதற்குச் சங்கிலியா கயிறா, எவ்வளவு நீளம் என்று முடிவு செய்வது நான். என் வேலையில் அவர் தலையிட்டதே இல்லை.

"இது யாருக்குங்க?"

"போன்ல வந்த ஆர்டர். யாரோ ஒரு அம்மா, நேர்ல பாத்ததுகூட இல்ல. கூரியர்ல அனுப்பணும்." அரத்தால் ராவிக்கொண்டே சொன்னார்.

இலை வடிவ டாலர். நரம்பு நரம்பாக இழைத்திருந்தார். சங்கிலி போட்டால் பார்க்கிறவர் கண் சங்கிலிக்குத்தான் போகும். கறுப்புப் பட்டுக் கயிற்றை எடுத்தேன்.

"பதினெட்டு இஞ்ச் வெட்டவா?"

"வேணாம், பதினாறு வெட்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதிசயமா இருக்கே! என் கழுத்துக்கு எது நல்லா இருக்கும்னு எத்தன தடவ கேட்டிருப்பேன்? ஏதோ ஒண்ணு போட்டுக்கன்னுதானே சொல்வீங்க? இன்னிக்கு எங்கேருந்து வந்துச்சு இந்த ரசனை?"

"பதினெட்டு போட்டா டாலர் கீழ எறங்கி மச்சத்த மறைச்சிடும்." வேலை மும்முரத்தில் சொல்லிவிட்டார்.

எனக்குக் கழுத்திலோ அதற்குக் கீழேயோ மச்சம் கிடையாது.

"எந்தப் பக்கம்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நடுவுலேருந்து கொஞ்சம் இடது..."

அரம் நின்றது. அவர் தலை நிமிரவில்லை.

நான் கயிற்றை அளவு நாடாவின் மேல் நீட்டி வைத்தேன். பதினாறு எங்கே இருக்கிறது என்று வெகுநேரம் கண்ணுக்குத் தெரியவில்லை.