பிரேக் பிடிக்காத கார்

“இது வேண்டாம்ணே. நாலு நட்டு கழட்டினா வாய் விரிஞ்சிடும். நல்லதா எடுங்க.”

கடைக்காரர் ஸ்பேனர் பெட்டியை மூடினார். “வீட்டு வேலைக்கு இதுவே தாராளம். எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க.”

“எல்லாரும் ஏழு புள்ளைங்களை ஏத்திக்கிட்டா போறாங்க?”

கேட்ட பிறகுதான் தன் குரல் உயர்ந்துவிட்டது ஓட்டுநருக்கு உறைத்தது. பதினெட்டு வருஷமாக அவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் காரில் ஏற்றி இறக்குகிறார். ஒரு கீறல் பட்டதில்லை. நேற்றுப் பள்ளி வாசலில், குறுக்கே ஓடி வந்த சிறுமிக்கு அரை முழம் முன்னால்தான் கார் நின்றது. அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“பிரேக்கை மிதிச்சா பஞ்சை மிதிக்கிற மாதிரி இருக்கு” என்று இந்த ஒரு மாதத்தில் மூன்று மெக்கானிக்குகளிடம் சொல்லிவிட்டார். மூவரும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கைவிரித்தார்கள். “வண்டிக்கு ஒண்ணும் இல்லண்ணே, உங்களுக்குத்தான் மனசு சரியில்ல” என்றான் இன்று காலை மூன்றாமவன்.

இனி யாரையும் நம்புவதில்லை, தானே பிரித்துப் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்துத்தான் கடைக்கு வந்திருந்தார்.

கடைக்காரர் வேறொரு ஸ்பேனரை நீட்டினார். ஓட்டுநர் அதை ஒரு நட்டில் மாட்டி அசைத்துப் பார்த்தார். துளி ஆட்டமில்லை. “இது போதும். ரெண்டு டன் தாங்குற ஜாக்கி ஒண்ணு, முட்டுக் கொடுக்க ஸ்டாண்டு ரெண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில தலையைக் கொடுக்க முடியாது.”

வீட்டு வாசலில் காரைத் தூக்கி நிறுத்தி, நான்கு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். மனைவியை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார்.

“மிதி... அப்படியே அழுத்திப் பிடி... ம், விடு.”

பிரேக் குழாயில் காற்று புகுந்திருந்தால் எண்ணெயோடு குமிழி வரும். ஒன்றுகூட வரவில்லை. பிரேக் கட்டை தேயவில்லை, குழாய் கசியவில்லை. புது ஸ்பேனர் வழுக்காமல் ஒவ்வொரு நட்டையும் பிடித்தது. குறைதான் பிடிபடவில்லை.

சக்கரங்களை மாட்டி, காரை இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். “காலையில ஏழு மணிக்குப் புள்ளைங்க வந்து நிக்குமே. நான் என்ன செய்வேன்?”

“ரெண்டு நாள் வரலைன்னு சொல்லிடுங்களேன்.”

“ரெண்டு நாள் கழிச்சு? என்ன கோளாறுன்னே தெரியாம எப்படிடி சரி பண்றது?”

மனைவி தயங்கினாள். “நான் மிதிச்சப்போ கல்லு மாதிரிதாங்க இருந்துச்சு.”

“உனக்கென்ன தெரியும், எறங்கு!”

அவளை இறக்கிவிட்டு ஏறி உட்கார்ந்து மிதித்தார். பஞ்சு. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மிதித்தார். அதே பஞ்சு. ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டார். வாழ்க்கையில் அவருக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான்.

காரை விட்டு இறங்கி, செருப்பைக்கூடக் கழற்றாமல் தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் நடந்தார். பின்னால் வந்த மனைவி வாசற்படியில் சட்டென்று நின்றாள். சிமெண்டுத் தரையில் ஒரு காலடி விட்டு ஒரு காலடி சிவப்பாகப் பதிந்திருந்தது.

ஓடிப்போய் அவருடைய வலது காலைத் தூக்கிப் பார்த்தவள் அலறினாள்.

“என்னங்க... செருப்பைத் துளைச்சு இவ்ளோ பெரிய ஆணி ஏறியிருக்கே, உங்களுக்கு வலிக்கவே இல்லையா?”