பாதிரியார் தின்ற மீன்

1954இல் எல்பா தீவருகே ஜெட் விமானம் கடலில் விழுந்தது. சடலங்களைக் கரைசேர்த்தவர்கள் தீவின் மீனவர்கள்தாம். அதன்பிறகு அந்தக் கடலின் மீனை யாரும் வாங்கவில்லை. மீனவர் வீடுகளில் அடுப்பு எரியவில்லை.

மீனவன் நெல்லோ பாதிரியாரிடம் போனான்.

"சாமி, வெள்ளிக்கிழமை சந்தையில எல்லாரும் பாக்க நீங்க ஒரு மீன் தின்னா போதும். எங்க பொழப்பு மீண்டுரும்."

பாதிரியார் சம்மதித்தார்.

"உன் பெண்டாட்டியை வரச் சொல்லு. எப்படிப் பொரிக்கணும்னு சொல்றேன்."

வெள்ளிக்கிழமை ஊரே கூடி நின்று பார்த்தது. பாதிரியார் சிலுவைக்குறி இட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தட்டில் முள் மட்டுமே மிஞ்சியது.

"சாமியே தின்னுட்டாரு, உனக்கென்னடி நோவு?" என்று ஒருத்தி இன்னொருத்தியை இடித்தாள். சற்று நேரத்தில் எல்லாக் கூடைகளும் காலி.

வீட்டில் நெல்லோவுக்கு மனைவி செல்மீரா அவரைக்கொட்டை சூப்பை வைத்தாள்.

"மீன் எங்கடி?"

"நம்ம கடல் மீனா? எனக்கு வேணாம்பா."

"சாமியே தின்னாரே!"

"அது வெனிஸ்லேர்ந்து ஐஸ் பெட்டியில வந்தது."

நெல்லோ பதறினான். "அடிப்பாவி, சாமியையே ஏமாத்திட்டியா?"

"வெனிஸ் மீன் வந்தாத்தான் சந்தைக்கு வருவேன்னு சொன்னதே அவர்தான்."