பதினாறாவது கோடு

காமயகவுண்டன்பட்டியில் திராட்சைப் பந்தலின் நிழலைவிட்டு வெயிலுக்கு வந்த வியாபாரி ஸ்டீவன், இனிப்பு அளக்கும் மீட்டரின் கண்ணாடியில் ஒரு சொட்டுச் சாற்றைப் பிழிந்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார். உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு பதினாறைத் தொட்டால்தான் இன்று அறுப்பு. மேற்கு மலையில் மழை கறுத்து நிற்கிறது. நனைந்தால் பழம் வெடித்துவிடும். தோட்டக்காரி நாகஜோதி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். “பதினாலுதாம்மா.” “கண்ணாடியக் கழுவுன தண்ணி அப்படியே நிக்குதுண்ணே! தண்ணிக்கா இனிப்புப் பாக்குறீக?” முந்தானையால் துடைத்து, அதே குலையிலிருந்து இன்னொரு பழத்தைப் பிதுக்குகிறாள். அவர் மறுபடி பார்க்கிறார், சிரிக்கிறார். “பதினேழு! ஆளுகளக் கூப்பிடும்மா.” “இங்கன குடுங்க” என்று வாங்கிப் பார்க்கிறாள். பந்தலுக்குள் கத்தரிகளின் சத்தம் தொடங்கிய பிறகும், அந்த நீலத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நிற்கிறாள்.