படத்தில் இருப்பது மட்டும்

"படத்துல இருக்கிறத மட்டும் சொல்லணும் கன்னியம்மா. இல்லாத ஒண்ணு உன் வாயிலேர்ந்து வரக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சிது டீச்சரம்மா."

"இப்படித்தான் நேத்தும் சொன்னே. பூனைப் படத்தைக் காட்டினா, இது ரங்கூனுக்குப் போயிட்டு வந்த பூனைன்னு சொல்லலையா?"

"போய்ட்டுத்தான் வந்திச்சு. அது மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே."

ஞானசெல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் வர இன்னும் அரை மணிதான் இருந்தது.

நாசரேத்திலிருந்து இந்த ராயபுரத்துக் கடலோரப் பள்ளிக்கூடத்துக்கு அவள் வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. முதல் வகுப்புக்கு அவள்தான் ஆசிரியை. கப்பல்காரத் துரைசாணி ஒருத்தி விட்டுப்போன படப் புத்தகம் ஒன்று அவளிடம் இருந்தது. மரத்தொட்டியில் ஏறிக் கடல் தாண்டிப் போகும் ஒரு பையனின் கதை. அதில் ஓர் எழுத்து கிடையாது; படம்தான் கதை. வாயே திறக்காத பிள்ளைகளையெல்லாம் அந்தப் புத்தகத்தைக் காட்டித்தான் பேச வைத்திருந்தாள். பேசிய பிறகு எழுத்தும் தானாக வந்தது.

தலைமையாசிரியர் பக்தவச்சலத்துக்கு இது பிடிக்கவில்லை. "அரிச்சுவடி இருக்கும்போது பொம்மை எதுக்கு?" என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார். அதற்காகத்தான் இன்று பரிசோதனை. வருகிற இன்ஸ்பெக்டரோ பொல்லாதவர் என்று பெயர். பிள்ளைகள் படத்தில் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். ஒரு சொல் கூடினாலும் 'பொய் பேசப் பழக்குகிறார்கள்' என்று எழுதிவிடுவாராம். அப்படி எழுதினால் புத்தகம் பீரோவுக்குள் போகும், ஞானசெல்வி ரயிலேறி ஊருக்குப் போவாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். சேவகர் ரஷீது முன்னால் நடக்க, அவர் தோளில் ஒரு கையை வைத்தபடி வந்து, இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். பெரிய மனுஷர்கள் என்றால் உட்காரவும் ஆள் வேண்டும் போலிருக்கிறது.

"ஆசிரியை பின்சுவர் ஓரமா நிக்கலாம். வாயைத் திறக்கக் கூடாது, சாடை காட்டக் கூடாது" என்றார். "ரஷீது, பதிவேட்டுல ஏழாவது பேரைக் கூப்பிடு."

"கன்னியம்மா" என்று கூப்பிட்டார் ரஷீது.

நாற்பது பிள்ளைகள் இருக்க அவளா வந்து மாட்ட வேண்டும்? யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவள் பூனையை வைத்தே சறுக்குகிறவள்.

இன்ஸ்பெக்டர் பழுப்புக் காகித உறை போட்ட அந்தப் புத்தகத்தை வாங்கி, நடுவில் விரல் விட்டுத் திறந்து, முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"கிட்ட வா. இன்னும் கிட்ட. இதுல என்ன இருக்கு, பாத்துச் சொல்லு."

கன்னியம்மா புத்தகத்தைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள்.

"கடலு கீது தொர."

"சரி."

"ஒரு பையன் கீறான். சிரிச்சிகினு கீறான். அவங்கம்மா கட்டுமரம் போட்டுகினு அவன இட்டுகினு போவ வந்துட்டா."

ஞானசெல்வி கண்களை மூடிக்கொண்டாள். அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் அம்மா கிடையாது.

"அம்மாவா?" இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கையில என்ன வெச்சிருக்கா?"

"கஞ்சி சட்டி. சுடச்சுட கீது. தொட்டுக்க நெத்திலிக் கருவாடு."

"புடவை என்ன நிறம்?"

"கத்திரிப்பூ கலரு. நனையாம தூக்கி சொருவிகீறா."

"அதுக்கு முன்னாடி பையன் தனியாவா இருந்தான்?"

"இல்ல தொர. கூட மீனுங்க இருந்திச்சுங்க. பேசிகினே இருந்திச்சுங்க."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். அவர் சிரித்து அந்த வட்டாரத்தில் எந்தப் பள்ளிக்கூடமும் பார்த்ததில்லை. பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எழுதிக்கோ ரஷீது. முதல் வகுப்புப் பிள்ளைகள் கண்ணால் கண்டதைக் கண்டபடியே தெளிவாகச் சொல்கிறார்கள். இந்தப் படப் புத்தகமும் இதே ஆசிரியையும் தொடர வேண்டியது."

கதவோரம் நின்றிருந்த பக்தவச்சலம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் அந்தப் புத்தகத்தை ஒருநாளாவது திறந்து பார்த்திருந்தால் அல்லவா சொல்ல முடியும்? "நல்லதுங்க" என்று மட்டும் சொல்லி வழியனுப்பக் கூடவே போனார்.

அவர்கள் தலை மறைந்ததும் ஞானசெல்வி ஓடிவந்து கன்னியம்மாவைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷமும் கோபமும் சேர்ந்து வந்ததில் பள்ளிக்கூடத் தமிழ் போய் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"ஏட்டி, எந்தப் பக்கத்தக் காட்டுனாரு?"

"தொட்டி ஒடஞ்சி பூட்டு, பையன் பாற மேல தனியா குந்திகினு அழுவுறானே, அது."

"அதுல அம்மா எங்கட்டி இருக்கா? இருக்கிறத மட்டும் சொல்லுன்னு எத்தன தடவ படிச்சுப் படிச்சுச் சொன்னேன்?"

கன்னியம்மா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, டீச்சரம்மாவின் காதருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அவுரு பொஸ்தகத்த தலகீழா புட்சிகினு இருந்தாரு டீச்சரம்மா. கண்ணு தெரியாதவருகிட்ட போயி அழுவுற படத்த எப்டி சொல்றது?"