முன்பல் இல்லாத படம்

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தக் கதைப்புத்தகம் வீட்டில் இருப்பவர்களை மட்டும் பார்த்து, தன் படங்களைத் திரும்ப வரைந்துகொள்ளும். இந்த வருடம் ஜெனோவா அதை வரையவிடவில்லை. மீன் கம்பெனியில் நாள் முழுக்க நின்ற கால்களை நீட்டிக்கொண்டு, போன வருடத்துப் படத்தையே மகளுக்குக் காட்டினாள்.

“இதுல எனக்கு முன்பல்லே இல்லம்மா. இப்ப மொளச்சிட்டுல்லா?” என்றாள் ரோஸ்லின்.

“அசதியா இருக்கு மக்ளே, நாளைக்குப் பாப்போம்.”

“நேத்தும் இதத்தான் சொன்னிய.”

ஜெனோவாவுக்கு மறுக்கத் தெம்பில்லை. புத்தகத்தை மகள் பக்கம் தள்ளினாள்.

படத்தின் அடியில் புத்தகம் கேட்டிருந்த ‘புதிதாக வரையட்டுமா?’ என்ற எழுத்தைத் தொடப்போன ரோஸ்லின், படத்தை மறுபடி பார்த்தாள். பங்குனியில் கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பா, குடிலருகே அவளை மடியில் வைத்திருந்தார்.

விரலை மடக்கிக்கொண்டாள்.

“வேண்டாம்மா. பல்லில்லாமலே இருந்துட்டுப் போறேன்.”