மூட்டையில் இருந்த ஸ்வெட்டர்

"பொம்பள துப்பாக்கியத் தொடக்கூடாது. சமைக்க மட்டும் வா" என்று சொல்லித்தான் அண்ணன் வெள்ளைத்தாயை வேட்டைக்குக் கூட்டிவந்தான். அவளுடைய உருளைக்கிழங்குத் தோட்டத்தை உழுதுபோட்ட பன்றியைத்தான் தேடிப் போனார்கள். அடிவாரத்திலேயே அவன் சட்டை, ஸ்வெட்டர், கோட்டு எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டான். அவள் ஒற்றைச் சட்டையோடு ஏறினாள். கம்பளியெல்லாம் மூட்டையில் இருந்தது. "வெறச்சுச் சாகப்போற" என்று வழியெல்லாம் சிரித்தான்.

உச்சியில் காற்று அறைந்தது. வியர்வையில் ஊறிய துணியெல்லாம் சில்லிட்டு அவன் உடம்போடு ஒட்டிக்கொண்டது. பாறைக்குக் கீழே பன்றி நின்றது. அவன் கையில் துப்பாக்கி நிற்கவில்லை. அவள் மூட்டையை அவிழ்த்து, காய்ந்த கம்பளிச் சட்டையைப் போட்டு நிதானமாகப் பொத்தானிட்டாள். மூட்டையில் இன்னொரு ஸ்வெட்டர் இருந்தது.

"அதக் குடு தாயி" என்று பல் கிட்டிக்க அவன் கை நீட்டினான்.

அவளும் கையை நீட்டினாள்.

"துப்பாக்கியக் குடுண்ணே."