முதலிடத்தில் ஒரு கடை

முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டு சர்ச் வாசலில் நின்றிருந்தாள் ஜெபராணி. ஜெபிக்க வந்தவள் என்று நினைத்துத்தான் எல்லோரும் தலையசைத்துப் போனார்கள். கையிலிருந்த கூடையில், துணிக்கு அடியில், இரும்புக் கரண்டி இருந்தது யாருக்கும் தெரியாது.

அல்லிநகரத்தில் அவளுடைய மெஸ்ஸுக்கு நல்ல பேர். வீட்டுக்கே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஆப்பில் சேர்ந்த புதிதில் ஆர்டர் கொட்டியது. அப்புறம்தான் 'சுருளி வீட்டுச் சமையல்' என்று ஒன்று முளைத்தது. விலாசம் இதே அல்லிநகரம். ஆனால் போர்டும் கிடையாது, பார்த்தவரும் கிடையாது. செல்போனைத் திறந்தால் அதுதான் முதலில். ஜெபராணி மெஸ்ஸைத் தேடுவதற்குள் விரல் தேய்ந்துவிடும்.

வருமானம் போய், கூடச் சமைத்த பஞ்சம்மாளை நிறுத்தியாயிற்று. அந்த ஆப் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லி, அவள் சமையலைப் பேர் போடாத டப்பாக்களில் பாதி விலைக்கு வாங்கிக்கொள்வதால்தான் அடுப்பு எரிகிறது.

இன்று மெஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதே பொறுமை போய்விட்டது. தங்கை பேரில், சர்ச் வாசலுக்கு, சுருளியில் ஒரு மீன் சாப்பாடு ஆர்டர் போட்டாள்.

"அங்கன போயி என்னத்தச் செய்யப் போற?" என்றான் புருஷன் பலவேசம்.

"கரண்டியால ஆசீர்வாதம் பண்ணப் போறேன். நீங்க கல்லாவுல உக்காந்து ஈ ஓட்டுங்க."

கிளம்பும்போது பார்த்து ஆஸ்பத்திரி டப்பாவுக்கு ஆள் வந்து நின்றான். முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒன்றை அவன் கையில் திணித்துவிட்டு ஓடி வந்திருந்தாள்.

சர்ச் வாசலில் பைக் வந்து நின்றது. ஹெல்மெட்காரன் நீட்டிய டப்பாவில் 'சுருளி' ஸ்டிக்கர் பளபளத்தது. ஜெபராணி வண்டிச் சாவியைப் பிடுங்கினாள்.

"எந்த அடுப்புல ஆக்குனது இது? எங்க வயித்துல அடிச்சுத் திங்கிற மூஞ்சிய நான் பாக்கணும்!"

"சாவியக் குடுங்கக்கா. நான் கூலிக்கு ஓட்டுறவன். கம்பெனி குடுக்கிற ஸ்டிக்கர ஒட்டிக் கொண்டாறேன், அவ்வளவுதான்."

"எங்கனருந்து எடுத்தியோ அங்கன கூட்டிப் போ!"

கத்திய வேகத்தில் முக்காடு நழுவியது. கரண்டி வெளியே வந்தது. அவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அவளையே வெறித்துப் பார்த்தான்.

"எங்கனக்கா கூட்டிப் போறது? இப்பத்தான உங்க கையால வாங்கிட்டு வந்தேன்!"